சோத்துக்கைப் பட்டை

நல்லம்மாளை எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டைக்காரி என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் பட்டைக்காரம்மா என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பட்டை என்றால் நம் ஆட்களுக்கு முதலில் சாராயம்தானே ஞாபகத்துக்கு வரும். பாவம், அவள் வெற்றிலை கூடப் போடாதவள்.

அவள் கட்டியது ரப்பர்ப் பட்டை. முப்பத்து நாலாம் வருஷம் சீமையிலிருந்து கோலாலம்பூருக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு, ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஆளுடைய இருதயம் துடிக்கிறபோது அதில் துளிப்போல மின்சாரம் உண்டாகிறதாம். அது கை கால் வரைக்கும் ஓடுகிறதாம். அதைப் பிடித்து ஒரு நீளமான படச்சுருளில் கோடாக எழுதிக் காட்டுவது அந்தப் பெட்டியின் வேலை. துடிப்புப் பெட்டி என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

ஆனால் பெட்டி தானாகப் போய் ஆளைப் பிடிக்காது. இரண்டு மணிக்கட்டிலும் இடது கணுக்காலுக்கு மேலேயும் வெற்றிலை அளவில் ஒரு ஜெர்மன் வெள்ளித் தகடு வைக்கவேண்டும். தகட்டுக்கும் தோலுக்கும் நடுவே, வெந்நீரில் உப்புக் கரைத்து நனைத்த கம்பளித் துணி வேண்டும். எல்லாம் நழுவாமல் இருக்க மேலே ரப்பர்ப் பட்டையைச் சுற்றிப் பொத்தானில் மாட்டவேண்டும். அப்புறம் தகட்டில் ஒயரைக் கோக்கவேண்டும். இதுதான் நல்லம்மாளின் வேலை. கேட்டால் ஒன்றுமே இல்லாத வேலை போலத்தான் இருக்கும். லண்டனில் முன்காலத்தில் இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் ஜாடிக்குள் விட்டு ஆளை உட்காரவைப்பார்களாம், டாக்டர் ஒருநாள் சொன்னார். ஊறுகாய் போடுவது போல. அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டோம்.

நான் தம்புசாமி, இருட்டறை ஆள். சுருளை மருந்தில் கழுவி, கம்பியில் காயப்போட்டு, பேரும் தேதியும் எழுதி டாக்டர் மேசைக்குக் கொண்டுபோவது என் பாடு. பட்டை கட்டியதில் கோளாறு இருந்தால் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இறுக்கிக் கட்டினால் கை மரத்து நடுங்கும், கோடு முழுக்க மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தளர்த்திக் கட்டினால் தகடு நழுவும், கோடு குடிகாரன் நடை நடக்கும். துணி காய்ந்துபோனால் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறிக் காணாமலே போய்விடும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்குப் போட்டுவிட்டு வருகிற நம் ஆட்கள் தனி இம்சை. தோலில் ஊறின நல்லெண்ணெய் மின்சாரத்தை மறித்துவிடும். அவர்களுடைய மணிக்கட்டை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து நல்லம்மாளுக்கு விரல் நோகும்.

கரண்டு என்று கேட்டாலே பாதிப் பேர் கட்டிலை விட்டு இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அவள் சொல்லுகிற சமாதானம் ஒன்றுதான். "பெட்டியிலேர்ந்து உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க. உங்ககிட்டேர்ந்துதான் அதுக்குப் போகுது." யார் எழுதிக் கொடுத்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அவள் வளர்ந்தது தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் பால்மரத்துக் கத்தியைக் கையில் பிடித்தவள். முப்பது வயதில் புருஷனைக் குளிர்க்காய்ச்சலுக்குக் கொடுத்தாள். பிள்ளை குட்டி இல்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆளைக் குறைத்தபோது முதலில் குறைந்தவள் அவள்தான். கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவச் சேர்ந்தாள். அங்கிருந்து பெட்டிக்கு வந்தாள். மரத்துப் பட்டையைச் சீவினவள் மனுஷனுக்குப் பட்டை கட்ட வந்துவிட்டாள் என்று நான் கேலி செய்வேன். அந்த ரப்பரும் அவளைப் போலத்தான். நம் மரத்துப் பால் கப்பலேறிச் சீமைக்குப் போய்ப் பட்டையாகத் திரும்பி வந்தது. வந்த பட்டைக்கு நம் வெயில் ஆகவில்லை. ஆறு மாதத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவள் தினமும் சாயங்காலம் அதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைப்பாள். தகட்டில் உப்பு பூத்துப் பச்சை ஏறும். அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள். உப்புத்தண்ணீரிலேயே கிடந்து அவளுடைய விரல் கணுக்கள் வெடித்துப்போயிருந்தன. வெடிப்பில் உப்பு, உப்பில் வெடிப்பு. எரியுதா என்று கேட்டால், "எரியறது பழகிடுச்சுண்ணே, அசதிதான் பழகமாட்டேங்குது" என்பாள்.

அசதி என்பது அவள் வாயில் எப்போதும் கிடக்கிற சொல். வாளியோடு படி ஏறும்போது மூன்றாம் படியில் நின்று மூச்சு வாங்குவாள். தோள்பட்டை இழுக்கிறது என்று பிடித்துக்கொள்வாள். வாளி தூக்குகிற தோள், இழுக்காமல் என்ன செய்யும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். "உன் அசதியைப் பாத்து எனக்கே கொட்டாவி வருது, போய் வேலையைப் பாரு நல்லம்மா" என்று நான் விரட்டுவேன். நானும் ஒன்றும் துள்ளிக் குதித்துக்கொண்டு இருந்தவன் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும்தான் அசதி. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்.

டாக்டர் இராமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர், முன்கோபி. அவருடைய தமிழ்தான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய வைத்தியமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் 'இருங்கோ' என்றால் உட்காருங்கள். நம் ஆட்களுக்கோ அது 'இங்கேயே இருங்கள்' என்று காதில் விழும். யாழ்ப்பாணத்தில் 'வருத்தம்' என்றால் வியாதி. "உங்களுக்கு எவ்வளவு நாளா வருத்தம்?" என்று அவர் கேட்டதற்கு, தோட்டத்துக் கிழவி ஒருத்தி தன் மருமகளில் ஆரம்பித்து முழுக் கதையும் அழுதுகொண்டே சொன்னாள். சாதாரண நோயாளியை அவர் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவார். படம் கெட்டதாக இருந்தால் மட்டும்தான் 'இருங்கோ' என்பார். "ஐயா இருங்கோன்னு சொல்லிட்டா, அந்த ஆளு இருக்கமாட்டாருண்ணே" என்று நல்லம்மாள் என் காதில் சொல்லுவாள்.

பெட்டி வந்த முதல் வாரம் அவள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஒயர்களில் ஆங்கில எழுத்து போட்டிருக்கும். அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. வலது கையில் இது, இடது கையில் அது என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார். எதிரே நின்று கட்டுகிறவளுக்கு எது வலது? அவளுடைய வலது பக்கம் படுத்திருக்கிறவனுக்கு இடது. மூன்று நாளில் நாலு தடவை மாற்றிக் கட்டினாள். டாக்டர் பக்கத்திலேயே நின்றதால், படம் எடுக்கிறதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டார். நாலாம் தடவை அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னொருக்கா மாத்திக் கட்டினாயெண்டால் திரும்ப வார்டு கழுவத்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டார். வார்டு கழுவுவது என்றால் நாள் முழுக்க முழங்காலில் நின்று பினாயில் போட்டுத் தேய்ப்பது. அதிலிருந்து தப்பித்துத்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். வலது கை ஒயரில் வெள்ளை நூல் சுற்றினாள், சோறு வெள்ளை என்பதால். இடது கை ஒயருக்குக் கறுப்பு நூல். பிறகு வலதும் வேண்டாம் இடதும் வேண்டாம், படுத்திருக்கிறவரிடம் "சோத்துக்கையைக் குடுங்க" என்பாள். அவர் நீட்டுவார். வெள்ளை நூல் அந்தக் கைக்கு. மற்றது பீச்சாங்கை, கறுப்பு நூல் அதற்கு. கால் பட்டை பீச்சாங்கைப் பக்கத்துக் காலுக்கு. மலாய்க்காரர் வந்தால் "தங்ஙான் மக்கான்?" என்று மலாயில் சாப்பிடுகிற கையைக் கேட்பாள், அவர்களும் வலது கையால் சாப்பிடுகிறவர்கள்தானே. சீனருக்கு வாயில் குச்சி வைத்துச் சாப்பிடுவது போலக் காட்டுவாள். சின்ன வயதில் பீச்சாங்கையைச் சோற்றில் வைத்தால் முதுகில் விழுகிற ஊர் இது. அதனால் யாரும் தப்பான கையை நீட்டியதே இல்லை. டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டார். இரண்டு வருஷத்தில் ஒரு பிழை இல்லை. இருட்டறையில் இருந்து சொல்கிறேன், அப்படிச் சுத்தமான வேலை.

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் சின்னையா வந்தார். ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். பிரிக்பீல்ட்ஸில் நல்லம்மாளுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. கந்தசஷ்டி விரதம் இருந்துகொண்டு உலைக்களத்தில் நின்று அடித்திருக்கிறார், மயங்கி விழுந்துவிட்டார். வெறும் வயிறு, நெருப்பு, ஐந்தாம் நாள் விரதம். யார்தான் விழமாட்டார்கள். ஆனாலும் பட்டறையில் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குக் கூரை ஒழுகி, கட்டிலின் தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைத் தூக்க ஆள் இல்லை என்று தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்கவைத்தோம். சின்னையா அன்றைக்குப் பதினோராவது ஆள். நல்லம்மாள் கேட்டாள், அவர் கையை நீட்டினார், அவள் கட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. நான் கழுவிக் காயப்போட்டேன்.

கம்பியில் தொங்கிய சுருளை அவள்தான் முதலில் பார்த்து நின்றாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள் அந்தக் கோட்டை நன்றாகப் படிப்பாள். ஆயிரம் சுருளைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. நல்ல இருதயம் என்றால் முதல் வரிசையில் ஒரு கோபுரம் மேலே கிளம்பும், அதன் பின்னால் சின்னதாக ஒரு மேடு வரும். கோபுரம், மேடு, கோபுரம், மேடு என்று போய்க்கொண்டே இருக்கும். இதில் கோபுரம் கிணற்றுக்குள் விழுந்தது போலக் கீழே இறங்கியிருந்தது. மேடும் பள்ளமாகிக் கிடந்தது.

"யாருதுண்ணே இது?"

"பட்டறை சின்னையா."

"மலை மாதிரி இருந்தாரே," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் குழாயை வைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் படம் பொய் சொல்லாது என்றார். சின்னையாவைக் கூப்பிட்டு 'இருங்கோ' என்றார். "உங்கட இருதயத்தில பெரிய வருத்தம் இருக்கு" என்றார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க, சாமி நல்லாத்தான் வச்சிருக்கு" என்றார் சின்னையா. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் வெட்கமாகவும் இருந்தது. இனிச் சம்மட்டி தொடக்கூடாது என்று டாக்டர் பட்டறைக்குக் கடிதம் எழுதினார். வேலைக்கு ஆகாத ஆளுக்குப் பட்டறையில் வீடு கிடையாது. குடும்பத்துக்குக் கப்பல் சீட்டுதான் உண்டு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலையில், நல்லம்மாள் இருட்டறைக் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளே வந்து என் முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"தம்புசாமிண்ணே, நான் ஒரு குடும்பத்தையே கப்பல் ஏத்திட்டேன்."

முதல் நாள் சாயங்காலம் அவள் சின்னையா வீட்டுக்குப் போயிருக்கிறாள். தூக்கிக்கொண்டு போகமுடியாத சாமானைத் தெருவில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னையா மனைவி தனலெட்சுமி அம்மியை இவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த அம்மிக்காகத்தான் போனாள். அதைச் சொல்லும்போது தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வாசலில் சின்னையா மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் தகப்பனோடு வந்தவர், நாற்பதைத் தாண்டியாயிற்று. "நாகப்பட்டினத்துல எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்னுகூட எனக்குத் தெரியாதுக்கா" என்று அவளிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே ஓங்கி ஓர் அடி. ஆணி ஒரே அடியில் இறங்கியது. அப்போதுதான் அவள் பார்த்தாள், சுத்தியல் பீச்சாங்கையில் இருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. தனலெட்சுமி அவருக்கு ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர் சுத்தியலை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எல்லாரையும் போல வலது கையால் சாப்பிட்டார். அடிக்கிறது ஒரு கை, சாப்பிடுகிறது ஒரு கை. அம்மியை மறந்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு ஆஸ்பத்திரில என்கிட்ட எந்தக் கையை முதல்ல நீட்டுனீங்க?"

சின்னையா யோசித்தார். பிறகு பீச்சாங்கையைத் தூக்கிக் காட்டினார். "இதத்தான். நீங்க சோறு போடுற கையைக் குடுங்கன்னு கேட்டீங்க. எனக்கும் எம் பிள்ளைங்களுக்கும் இருபத்தஞ்சு வருஷமா சோறு போடுறது இதுதானேக்கா."

அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். பதினொரு பேரிடம் அதையே கேட்டு நாக்கு சலித்துப்போய், சோத்துக்கை என்பது சோறு போடுற கை என்று வாயில் வந்திருக்கிறது. கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். தலைமாட்டை மாற்றிப் படுக்கவைத்திருந்ததால் அந்தக் கைதான் பெட்டிப் பக்கம் இருந்தது, வழக்கமாக அங்கே வருகிறது வலது கைதானே என்று அவளும் பார்க்காமல் கட்டிவிட்டாள். இரண்டு வருஷமாகக் கையைப் பார்க்கவே இல்லை, வார்த்தையைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் என்றாள்.

"ஐயாகிட்ட சொல்லணும்ணே."

நான் தடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. "சொன்னா உன்னை முழங்கால்ல நிக்கவச்சுடுவாரு. கடிதாசு போயாச்சு. பேசாம இரு" என்றேன். வாயை விட்டு வந்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"முழங்கால் என்னோடதுதானேண்ணே," என்றாள். "நான் அவரைக் கையோட கூட்டியாந்துட்டேன். வெளிய பெஞ்சில இருக்காரு."

டாக்டர் கேட்டதும் அவருடைய காது சிவந்தது. "ஏன் இப்ப வந்து சொல்லுறாய்? கடிதம் போட்டு எத்தினை நாள்!" பிறகு குரலை இறக்கினார். "கை மாறினா இப்பிடி ஒரு படம் வருமெண்டு நீ எப்பிடிச் சொல்லுறாய்? நானே கண்டதில்லை." அது உண்மை. அந்த முதல் வாரம் பிழையை முன்னாலேயே பிடித்துவிட்டதால், மாற்றிக் கட்டிய படம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததே கிடையாது. அவர் கண்ணில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. கையெழுத்து அவருடையது அல்லவா.

"அவரை ரெண்டு தடவை படுக்கவச்சுப் பயமுறுத்த வேணாம், முதல்ல என்னைப் படுக்கவச்சு எடுங்கய்யா," என்றாள் நல்லம்மாள். "ஒரு தடவை சரியாக் கட்டி, ஒரு தடவை மாத்திக் கட்டி. மாத்திக் கட்டினதுல எனக்கும் அவரு மாதிரியே கோபுரம் கீழ விழுந்தா, அது நான் செஞ்ச தப்பு. விழலைன்னா அவரு கப்பல் ஏறட்டும். என்னை எடுத்ததும் அவரையும் சரியாக் கட்டி எடுத்துப் பாருங்க."

டாக்டர் ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார். சின்னையா தொப்பியைப் போலத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரி, கட்டு பாப்பம்," என்றார் டாக்டர்.

கட்ட வேறு ஆள் இல்லை. நான்தான் கட்டினேன். இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்தத் துணி எவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிழிந்து அவள் மணிக்கட்டில் வைத்தேன். வெடித்த தோலில் உப்பு பட்டு அவள் பல்லைக் கடித்தாள். "இறுக்காதீங்கண்ணே. ஒரு விரல் உள்ள போகணும். ம், அப்படி. தகடு எலும்பு மேல வேணாம், சதையில வைங்க." படுத்துக்கொண்டும் வேலை சொல்லிக்கொடுத்தாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று, "சோறு போடுற கை எதும்மா?" என்று கேட்டேன். அவள் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டுந்தாண்ணே," என்றாள்.

சரியாகக் கட்டி ஒன்று எடுத்தோம். ஒயரை மாற்றி ஒன்று எடுத்தோம். பிறகு அவள் எழுந்து, அந்தத் துணிகளைப் புதிதாக நனைத்து, சின்னையாவை அவளே படுக்கவைத்தாள். "சோறு திங்கிற கை" என்று கேட்டாள். அவர் நீட்டியதும், அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரல் எந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கம் என்று பார்த்து, அவரை எழுப்பி உட்காரவைத்து மறுபடியும் பார்த்து, அதற்கப்புறம்தான் கட்டினாள். அது மூன்றாவது சுருள்.

இருட்டறையில் மூன்றையும் கழுவினேன். ஈரத்தோடேயே டாக்டர் அறையில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். நால்வரும் நின்று பார்த்தோம். சின்னையாவின் சுருளில் கோபுரம் ஜம்மென்று எழுந்து நின்றது, பின்னால் அழகாக மேடு. ஒரு குறை சொல்ல முடியாது. நல்லம்மாளுடைய மாற்றிக் கட்டிய சுருளில் கோபுரம் கீழே விழுந்து கிடந்தது, போன வாரத்துச் சின்னையாவைப் போலவே. அவள் பெருமூச்சு விட்டாள். தன் தப்பு நிரூபணமானதற்கு இப்படி நிம்மதிப்பட்ட ஒருத்தியை நான் கண்டதில்லை.

டாக்டர் உட்கார்ந்து பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிழை தன்னுடையது என்றே எழுதினார், அதைச் சொல்லவேண்டும். "நீங்கள் வேலைக்குப் போகலாம்" என்று சின்னையாவிடம் கொடுத்தார். அவரை நிற்கவைத்தேதான் கொடுத்தார். சின்னையா கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்லம்மாளைப் பார்த்து, "அக்கா, அம்மி எங்களுக்கு வேணும்போல இருக்கு" என்றார். அவளும் சிரித்தாள். அவர் மழையைக்கூடப் பார்க்காமல் ஓடினார்.

இனி என் முறை என்று நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். வார்டா, வீடா என்று கேட்கத் தயாராகத்தான் நின்றாள்.

டாக்டர் மறுபடியும் கம்பியண்டை போய் நின்றார். அவளுடைய மாற்றிக் கட்டிய சுருளை விரலால் தடவினார். "எல்லாம் தலைகீழாகினா, இந்த மேடும் தலைகீழா விழவேணும்," என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "சின்னையாவுக்கு விழுந்தது. இது ஏன் மேல நிக்குது?"

பிறகு அவளுடைய முதல் சுருளுக்குப் போனார், சரியாகக் கட்டி எடுத்ததற்கு. அதை நாங்கள் யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. கோபுரம் நேராகத்தான் நின்றது. அதன் பின்னால் மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. ஒவ்வொரு கோபுரத்துக்குப் பின்னாலும் ஒரு பள்ளம், சுருள் முடிகிறவரைக்கும். இந்தச் சுருளில் கட்டு சரி, கை சரி, ஒயர் சரி. நானே கட்டியது.

நல்லம்மாளும் பார்த்துவிட்டாள். நான் சொன்னேனே, அவள் நன்றாகப் படிப்பாள் என்று.  மூன்றாம் படியில் அவள் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் விரட்டியது ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷமாக அவளை நீ, வா, போ என்று பேசிய டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"நல்லம்மா, இருங்கோ," என்றார்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"நின்னே கேட்டுக்கிறேங்கய்யா. உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது. வெளிய இன்னும் ஆறு பேரு இருக்காங்க."

"எவ்வளவு காலமா உங்களுக்கு இந்த வருத்தம்?"

அவருடைய தமிழ் அவளுக்குப் புரியாமல் இல்லை. வாளியில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அதுக்குப் பேரு அசதின்னு நெனச்சிருந்தேங்கய்யா."